சி கிளாஸ் என்றால் சின்னக் குற்றமா?

கேள்வி: "என் மகன் அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தில் மேல்படிப்பு படிக்கிறான். பங்காளி மகன் விர்ஜீனியா மாநிலத்தில் இருக்கிறான். இரண்டு பேரும் ஒரே மாதத்தில் காரை வேகமாக ஓட்டிப் போலீஸில் மாட்டிக்கொண்டார்கள். என் மகன் செய்தது 'கிளாஸ் சி' குற்றமாம். பங்காளி மகனுடையது 'கிளாஸ் 1' குற்றமாம். சி என்றால் மூன்றாம் தரம், அதுதான் மோசம். 1 என்றால் முதல் தடவை, எச்சரித்து விட்டுவிடுவார்கள் என்று இங்கே விவரம் தெரிந்த ஒருவர் சொல்கிறார். அது சரிதானா? இரண்டு வீட்டிலும் சோறு இறங்கவில்லை."
- காங்கேயம் பக்கத்து விவசாயி ஒருவர்

பதில்: விவரம் தெரிந்தவர் தலைகீழாகச் சொல்லியிருக்கிறார். டெக்சாஸில் 'கிளாஸ் சி' என்பதுதான் ஆகச் சிறிய குற்றம். அதற்கு அபராதம் மட்டும்தான், சிறை கிடையாது. விர்ஜீனியாவில் 'கிளாஸ் 1' என்பது சிறு குற்றங்களிலேயே ஆகப் பெரியது. 12 மாதம் வரை சிறையும் 2,500 டாலர் வரை அபராதமும் விதிக்க அதில் இடம் இருக்கிறது. எனவே கேள்வி கேட்டவர் சோற்றைச் சாப்பிடலாம். பங்காளி வீட்டுக்குத்தான் இன்றைக்கே ஆள் அனுப்ப வேண்டும்.

இரண்டு பையன்களும் செய்தது கிட்டத்தட்ட ஒரே தவறு. அப்படியிருக்க இவ்வளவு வித்தியாசம் ஏன் என்றால், அமெரிக்காவில் குற்றத்துக்கான சட்டத்தை ஒவ்வொரு மாநிலமும் தானே எழுதிக்கொள்கிறது. இந்தியாவில் அப்படி இல்லை. முன்பு இந்திய தண்டனைச் சட்டம், 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா என்று நாடு முழுக்க ஒரே புத்தகம். காங்கேயத்தில் மாட்டைத் திருடினாலும் கான்பூரில் திருடினாலும் அடிப்படைப் பிரிவு ஒன்றுதான். அமெரிக்காவில் 50 மாநிலங்களுக்கும் 50 புத்தகங்கள். மத்திய அரசுக்குத் தனியாக ஒன்று.

பெரும்பாலான மாநிலங்கள் குற்றங்களை இரண்டாகப் பிரிக்கின்றன. பெருங்குற்றத்தை 'பெலனி' என்பார்கள். அதற்குக் கீழே உள்ள சிறு குற்றம் 'மிஸ்டிமீனர்'. இந்தச் சிறு குற்றத்துக்குள்ளும் படிகள் உண்டு. அந்தப் படிகளுக்குப் பெயர் வைப்பதில்தான் ஒவ்வொரு மாநிலமும் தன் போக்கில் போகிறது. சிலர் ஏ, பி, சி என்றார்கள். சிலர் 1, 2, 3 என்றார்கள். சில மாநிலங்கள் 'முதல் டிகிரி', 'இரண்டாம் டிகிரி' என்கின்றன. கலிபோர்னியா பொதுவாக எந்த எழுத்தும் எண்ணும் வைக்காமல், அந்தந்தப் பிரிவிலேயே தண்டனையை எழுதிவிடுகிறது. நியூ ஜெர்சியின் குற்றச் சட்டம் சிறு குற்றத்தை மிஸ்டிமீனர் என்று வகைப்படுத்துவதில்லை. அங்கே அதற்கு வேறு பெயர்.

வேலி தாண்டிய மாடு

இது விளங்க, கார் வேகத்தைவிட மாடு நல்ல உதாரணம். கொறங்காட்டின் கிளுவை வேலியில் ஒரு சந்து விழுந்து, மாடு வெளியே வந்து தார்ச்சாலையில் நிற்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். நம்மூரில் பயிரை மேய்ந்த மாட்டைப் பட்டியில் அடைப்பார்கள். சில ஊர்களில் அதையே பவுண்டு என்பார்கள். மாட்டுக்காரர் தண்டம் கட்டி ஓட்டி வருவார். 1871ஆம் ஆண்டின் கால்நடை அத்துமீறல் சட்டம் இதற்காக வந்ததுதான். அதே மாடு அமெரிக்காவில் சாலைக்கு வந்தால் என்ன ஆகும் என்பது அது எந்த மாநிலத்து மாடு என்பதைப் பொறுத்தது.

டெக்சாஸில் மாடு, குதிரை, ஆடு, பன்றி எதையும் தெரிந்தே நெடுஞ்சாலையில் ஆளில்லாமல் திரியவிட்டால் அது கிளாஸ் சி குற்றம். 500 டாலர் வரை அபராதம். இதில் 'தெரிந்தே' என்ற சொல் முக்கியம். இரவில் மரம் சாய்ந்து வேலி முறிந்து மாடு போயிருந்தால், அந்தச் சொல் விவசாயியைக் காப்பாற்றும். நெடுஞ்சாலை என்பதற்கும் சட்டம் கணக்கு வைத்திருக்கிறது. பண்ணையையும் சந்தையையும் இணைக்கும் எண்ணிட்ட கிராமச் சாலைகள் அந்தப் பிரிவில் சேராது. அந்தச் சாலைகளிலும் மற்ற இடங்களிலும் மாட்டை அவிழ்த்துவிடலாமா கூடாதா என்பதை அந்தந்த மாவட்டத்து மக்களே ஓட்டுப் போட்டு முடிவு செய்துகொள்ள வழி வைத்திருக்கிறார்கள். ஆக ஒரே மாநிலத்துக்குள்ளேயே பக்கத்து மாவட்டத்தில் வேறு சட்டம் இருக்கலாம்.

புளோரிடாவில் தெரிந்தே விட்டாலும் சரி, அசட்டையாக விட்டாலும் சரி, குற்றம்தான். 1949இல் ஆளுநர் புல்லர் வாரன் காலத்தில்தான் அங்கே மாடுகளைச் சாலையில் திரியவிடுவதற்கு முற்றுப்புள்ளி வைத்தார்கள். அதுவரை மாடு தன் இஷ்டத்துக்கு மேய்ந்தது. கார்க்காரர்தான் பார்த்து ஓட்ட வேண்டும். இன்றைக்கு அது 'இரண்டாம் டிகிரி' சிறு குற்றம். அபராதம் டெக்சாஸைப் போலவே 500 டாலர் வரைதான். ஆனால் கூடவே 60 நாள் வரை சிறைக்கும் இடம் உண்டு.

வட கரோலினாவில் இதே செயல் 'கிளாஸ் 3'. அங்கே கணக்கு இன்னும் விசித்திரம். குற்றவாளிக்கு முன்பு எத்தனை தண்டனை இருக்கிறது என்று பார்த்துத்தான் நாள் கணக்கைத் தீர்மானிக்கிறார்கள். புதியவருக்குப் பெரும்பாலும் அபராதத்தோடு முடியும். பழைய வழக்குகள் நிறைய உள்ளவருக்கும் கிளாஸ் 3இல் 20 நாள்தான் உச்சம்.

நெவாடாவுக்குப் போனால் கதை முழுவதும் மாறிவிடுகிறது. அங்கே திறந்த மேய்ச்சல் நிலங்கள் மிகுதி. அந்த நிலத்தின் ஊடே போகும் சாலையில் மாடு வராமல் தடுக்க வேண்டிய கடமை மாட்டுக்காரருக்கு இல்லை என்று சட்டமே சொல்கிறது. கார் மோதினாலும் நஷ்டஈடு கேட்க முடியாது. பயிர் வைத்திருப்பவர்தான் வேலி போட்டுக்கொள்ள வேண்டும். சட்டம் சொல்கிற தரத்தில் வேலி போடாதவர், மாடு மேய்ந்துவிட்டது என்று வழக்குக்கே போக முடியாது. மாடு அதிகமாகவும் பயிர் குறைவாகவும் உள்ள ஊரில் மாட்டுக்குத் தோதான சட்டம் வந்திருக்கிறது. ஒரே மாடு, ஒரே சாலை. ஓரிடத்தில் சிறை, ஓரிடத்தில் அபராதம், ஓரிடத்தில் ஒன்றுமே இல்லை.

எழுத்தை நம்ப முடியாது

செயலுக்குத் தண்டனை மாறுவது ஒரு பக்கம். அந்த எழுத்துக்கே பொருள் மாறுவதுதான் ஆளை ஏமாற்றிவிடும். டெக்சாஸின் கிளாஸ் சி பற்றிச் சொன்னோம்: 500 டாலர் வரை அபராதம், சிறை இல்லை. டென்னசி மாநிலத்திலும் கிளாஸ் சி இருக்கிறது. அங்கே அபராதத்தின் உச்சம் 50 டாலர்தான். ஆனால் 30 நாள் வரை சிறை உண்டு. அதே எழுத்து, பணமும் நாளும் தலைகீழ்.

மேல்படியிலும் இதே கூத்துதான். டெக்சாஸில் கிளாஸ் ஏ என்றால் ஒரு வருடம் வரை சிறை, 4,000 டாலர் வரை அபராதம். விஸ்கான்சினில் கிளாஸ் ஏ என்றால் 9 மாதம்தான் உச்சம், அபராதமோ 10,000 டாலர் வரை போகும். அரிசோனாவில் கிளாஸ் 1 என்றால் 6 மாதம். விர்ஜீனியாவில் அதே கிளாஸ் 1 என்றால் 12 மாதம். பென்சில்வேனியாவில் 'முதல் டிகிரி' சிறு குற்றத்துக்கு 5 வருடம் வரை சிறை! பெயரில் மட்டும்தான் அது சிறு குற்றம்.

மிளகாயில் முதல் தரம், இரண்டாம் தரம் என்று கமிஷன் மண்டிக்கு மண்டி பிரிப்பதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. ஒரு மண்டியில் முதல் தரமாகப் போன சரக்கு அடுத்த மண்டியில் இரண்டாம் தரமாகும். அங்கே சரக்கைத் திரும்ப ஏற்றிக்கொண்டு வரலாம். இங்கே ஆளையே உள்ளே வைத்துவிடுவார்கள் என்பதுதான் வித்தியாசம்.

85 மைல்

இனி பையன்களின் வழக்கு. டெக்சாஸில் ஆஸ்டினுக்கும் சான் அன்டோனியோவுக்கும் இடையே 130ஆம் எண் மாநில நெடுஞ்சாலையின் ஒரு பகுதியில் மணிக்கு 85 மைல் வேகத்தில் போகலாம் என்று அரசே பலகை வைத்திருக்கிறது. ஏறத்தாழ 137 கிலோமீட்டர். அமெரிக்காவிலேயே உயர்ந்த வேக வரம்பு அதுதான். விர்ஜீனியாவில் எந்தச் சாலையானாலும் 85 மைலுக்கு மேல் போனால் அது 'பொறுப்பற்ற ஓட்டுதல்'. பலகையில் போட்ட வேகத்தைவிட 20 மைலோ அதற்கு மேலோ கூடினாலும் அப்படித்தான். ஒருவரையும் இடிக்காவிட்டாலும், சாலையில் வேறு வண்டியே இல்லாவிட்டாலும், அது கிளாஸ் 1 குற்றம்.

விர்ஜீனியா போலீஸ்காரர் கொடுக்கும் தாள் பார்ப்பதற்குச் சாதாரண அபராதச் சீட்டைப் போலத்தான் இருக்கும். அதனால்தான் பிள்ளைகள் அசட்டையாக இருந்துவிடுகிறார்கள். அந்தக் குற்றத்துக்கு முன்கூட்டிப் பணம் கட்டி முடிக்கிற வழி இல்லை. நீதிமன்றத்துக்குப் போயாக வேண்டும். குற்றம் உறுதியானால் 6 மாதம் வரை ஓட்டுநர் உரிமத்தை நிறுத்திவைக்கவும் நீதிபதிக்கு அதிகாரம் உண்டு. முதல் தடவை வந்த மாணவனை 12 மாதம் உள்ளே தள்ளுவது வழக்கமல்ல. ஆனால் தேதிக்குப் போகாமல் இருந்தால் அது வேறு வழக்காகும், பிடி ஆணையும் வரும்.

டெக்சாஸ் பையனுக்கும் தேதி தேதிதான். அபராதம் மட்டும் உள்ள வழக்காக இருந்தாலும், சொன்ன நாளுக்குள் பதில் சொல்லாவிட்டால் இன்னொரு கிளாஸ் சி சேரும், பிடி ஆணையும் சேரும். வேகம் மிக அதிகமில்லை என்றால், டெக்சாஸ் உரிமம் வைத்திருப்பவர் நீதிமன்ற அனுமதியோடு ஓட்டுநர் பாதுகாப்புப் பயிற்சியை முடித்து வழக்கைத் தள்ளுபடி செய்துகொள்ள வழி இருக்கிறது. அதைக் கேட்டுப் பார்ப்பது நல்லது.

ஒரு நாளில் ஒரு விசா

இங்கே ஊரில் இருக்கும் பெற்றோர் உண்மையில் பயப்பட வேண்டியது வேகத்துக்கு அல்ல. கடையில் பணம் கொடுக்காமல் பொருளை எடுத்துவருவதற்கு. 2025 ஜூலையில் இந்தியாவில் உள்ள அமெரிக்கத் தூதரகம் இதைப் பற்றி வெளிப்படையாகவே எச்சரித்தது: தாக்குதல், திருட்டு போன்றவற்றில் மாட்டினால் விசா ரத்தாகலாம், அடுத்து விசா கிடைக்காமலும் போகலாம்.

குடியேற்றச் சட்டம் மத்திய அரசுடையது. நாடு முழுக்க ஒன்று. அது திருட்டை 'ஒழுக்கக் கேடான குற்றம்' என்ற வகையில் வைக்கிறது. வேகமாக வண்டி ஓட்டுவது பொதுவாக அந்த வகையில் வராது. (குடித்துவிட்டு ஓட்டுவது தனிக் கதை. கைது ஆனாலே விசாவை ரத்து செய்துவிடுகிறார்கள்.) ஒருவர் நாட்டுக்குள் அனுமதிக்கப்பட்ட 5 வருடத்துக்குள் ஒழுக்கக் கேடான குற்றம் ஒன்றைச் செய்து தண்டனை பெற்று, அந்தக் குற்றத்துக்கு ஒரு வருடமோ அதற்கு மேலோ சிறை விதிக்கச் சட்டத்தில் இடம் இருந்தால், அவரை வெளியேற்றலாம். நீதிபதி ஒரு நாள்கூட உள்ளே வைத்திருக்க வேண்டியதில்லை. விதிக்க இடம் இருந்தது என்பதே போதும்.

இந்த இடத்தில்தான் மாநிலத்துக்கு மாநிலம் மாறும் கணக்கு ஒரு பிள்ளையின் படிப்பையே தொடுகிறது. முதல் தடவையாக 800 டாலர் பொருளைக் கடையில் திருடியதாக வைத்துக்கொள்வோம். டெக்சாஸில் அது கிளாஸ் ஏ: ஒரு வருடம் வரை. கோட்டின் மேலேயே நிற்கிறது. கலிபோர்னியாவில் 950 டாலர் வரை சிறு திருட்டு: 6 மாதம் வரை. பென்சில்வேனியாவில் 150 டாலரைத் தொட்டாலே முதல் டிகிரி: 5 வருடம் வரை. அங்கே 200 டாலர் சட்டை ஒன்றே போதும், பெட்டி கட்ட. அதே சட்டை டெக்சாஸில் கிளாஸ் பி, 180 நாள். (டெக்சாஸில் அதே 200 டாலர் மதிப்புள்ள வெள்ளாட்டைத் திருடினால் அது சிறு குற்றமே இல்லை, பெலனி. ஆடு, மாடு திருட்டுக்கு அந்த மாநிலம் தனியாகப் பிரிவு வைத்திருக்கிறது. பட்டி வைத்திருப்பவர்கள் சட்டமன்றத்தில் இருந்தால் அப்படித்தான் எழுதுவார்கள்.)

ஒரு வருடத்துக்கும் அதற்கு ஒரு நாள் குறைவதற்கும் சிறையில் பெரிய வித்தியாசமில்லை. விசாவில் உண்டு. அதனால்தான் சில மாநிலங்கள் சிறு குற்றத்தின் உச்சத்தை 365 நாளிலிருந்து 364 நாளாகக் குறைத்தன. வாஷிங்டன் மாநிலம் 2011இல் செய்தது. கலிபோர்னியாவில் 2015இலும், நியூயார்க்கில் 2019இலும் வந்தது. ஒரு நாளைக் குறைத்ததில் எத்தனையோ குடும்பங்கள் பிழைத்தன. டெக்சாஸ் குறைக்கவில்லை.

சின்ன வகுப்பிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. டெக்சாஸில் 100 டாலருக்குக் குறைந்த திருட்டு கிளாஸ் சி. அபராதம் மட்டும்தானே என்று பையன் வீட்டுக்குக்கூடச் சொல்லாமல் பணத்தைக் கட்டிவிடுவான். அங்கே அபராதத்தைக் கட்டுவது குற்றத்தை மறுக்கவில்லை என்று சொல்வதற்குச் சமம். திருட்டுத் தண்டனை என்று பதிவாகிவிடும். இப்படித் தனித்தனிச் சம்பவங்களில் ஒழுக்கக் கேடான குற்றம் இரண்டு சேர்ந்தால், சிறை எத்தனை நாள் என்ற கணக்கே இல்லாமல் வெளியேற்ற இடம் உண்டு. விசா விண்ணப்பமும் எப்போதாவது கைதானது உண்டா, தண்டனை பெற்றது உண்டா என்று கேட்கிறது. மறைத்தால் அது இன்னொரு குற்றம்.

இதில் வருத்தமான விஷயம் வக்கீல் பற்றியது. வசதியில்லாதவருக்கு அரசு செலவில் வக்கீல் தர வேண்டும் என்ற உரிமை, சிறைத் தண்டனை வரக்கூடிய வழக்குகளுக்குத்தான். அபராதம் மட்டும் உள்ள கிளாஸ் சிக்கு அது கிடையாது. வேற்று நாட்டுக்காரரின் வழக்கில், குற்றத்தை ஒப்புக்கொண்டால் வெளியேற்றப்படும் அபாயம் உண்டா என்று வக்கீல் சொல்லியாக வேண்டும் என 2010இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. வக்கீலே இல்லாத வழக்கில் அதைச் சொல்ல யாரும் இல்லை. ஆகவே திருட்டு என்ற சொல் தாளில் இருந்தால், வகுப்பு எதுவானாலும், குடியேற்றச் சட்டம் தெரிந்த வக்கீலிடம் காசு கொடுத்துக் கேட்காமல் ஒரு டாலரும் கட்டக் கூடாது. வெளிநாட்டு மாணவர்களுக்கென்று கல்லூரியில் தனி அலுவலகம் இருக்கும். பல பெரிய கல்லூரிகளில் மாணவர்களுக்கான சட்ட உதவி மையமும் இருக்கும். முதலில் அங்கே போகலாம்.

கேள்வி கேட்டவர் இப்போது செய்ய வேண்டியது: மகனிடம் அந்தத் தாளைப் படம் எடுத்து அனுப்பச் சொல்ல வேண்டும். அதில் நான்கு விவரம் போதும். எந்த மாநிலம், சட்டப் பிரிவின் எண் என்ன, எந்தத் தேதிக்குள் பதில் சொல்ல வேண்டும், எந்த நீதிமன்றம். அந்தப் பிரிவு எண்ணை வைத்து அதிகபட்சம் எத்தனை நாள், எத்தனை டாலர் என்று மகனே பார்த்துவிட முடியும். மாநிலச் சட்டங்களெல்லாம் இணையத்தில் இலவசமாகவே இருக்கின்றன. பங்காளி மகன் விஷயத்தில் தாமதம் கூடாது. விர்ஜீனியா வக்கீல் ஒருவரை அவன் உடனே பார்க்க வேண்டும். டெக்சாஸ் வக்கீலை வைத்துக்கொண்டு அங்கே வாதாட முடியாது, அவருக்குத் தெரிந்த ஏ, பி, சியும் அங்கே செல்லாது. வேகமானியைச் சோதித்துச் சான்று வாங்கிக்கொண்டு, ஓட்டுநர் பயிற்சி ஒன்றையும் முடித்துவிட்டு நீதிமன்றத்துக்குப் போனால், குற்றத்தைச் சாதாரண வேகக் குற்றமாகக் குறைக்கும்படி வக்கீல் கேட்டுப் பார்ப்பார். அதற்குள் பையன் ஊருக்கு டிக்கெட் போட்டு வைத்திருந்தால், அந்தத் தேதியையும் நீதிமன்றத் தேதியையும் முதலில் ஒத்துப் பார்த்துக்கொள்ளட்டும்.